பழைய பாஞ்சோவில் நம்ம ஊர்த் தாலாட்டும் கும்மியும் வாசிப்பது எப்படி

பழைய பாஞ்சோ ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலும் எல்லோரும் உடனே இரண்டு வேலை செய்வார்கள். பளபளவென்று புது ஸ்டீல் கம்பி மாட்டுவார்கள். அப்புறம் செல்போன் டியூனரைப் பார்த்துப் பார்த்து விறைப்பாகச் சுருதி ஏற்றுவார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். நூறு வருடத்துக் கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது. தாங்கினாலும், நம்ம ஊரில் தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடுகிறவர்களின் தொண்டை அந்த உயரத்தில் இருக்காது. பாட்டுக்காரர் எங்கே நிற்கிறாரோ அங்கே வாத்தியம் இறங்கி வர வேண்டும். பழைய பாஞ்சோவுக்கு அது கஷ்டமே இல்லை. தளர்ந்த தந்தியில், தாழ்ந்த சுருதியில் வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். தெருக்கூத்து செட்டுக்காரர்களின் பெட்டிகள்தான் அதிகம் வரும். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பாஞ்சோ ஒன்று என்னிடம் இருக்கிறது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. என் பெரியம்மா நெல்லிக்குப்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், நடவு வயலில் முன்பாட்டு பாடியவர். கீழே சொல்வதெல்லாம் அவர் பாட்டுக்கு வாசித்து வாசித்துப் பிடித்துக்கொண்டது. மேடைக் கச்சேரிக்கு இது உதவாது.

எந்த பாஞ்சோ என்று பாருங்கள்

பழைய பொருள் கடையில் பாஞ்சோ என்று கேட்டால் சில இடங்களில் புல்புல்தாராவை எடுத்து வைப்பார்கள். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிக்கிற அந்தப் பெட்டி வேறு ஜாதி. இங்கே நான் சொல்வது, வட்டமான வளையத்தில் தோல் இழுத்துக் கட்டி, நீளமான கழுத்து வைத்தது.

அதிலும் மூன்று வகை உங்கள் கண்ணில் படலாம். எட்டுத் தந்தி, சின்னக் கழுத்து என்றால் அது பாஞ்சோ மேண்டலின். வயலின் மாதிரியே சுருதி. எட்டையும் மாட்டினால் பழைய உடம்புக்குப் பாரம் அதிகம், ஜோடிக்கு ஒன்றாக நான்கு தந்தி மட்டும் மாட்டுங்கள், சத்தமும் தெளியும். நான்கு தந்தி உள்ளது டெனர் பாஞ்சோ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடன வாத்தியக் குழுக்களுக்காக வந்தது, மீட்டுவில்லையால் அடிப்பார்கள். நம் வேலைக்குப் பொருந்துவது ஐந்து தந்தி உள்ளது. ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக இருக்கும். அதன் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) கழுத்தின் நடுவே, ஐந்தாம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். தாடைக்கு அருகில் வருவது அதுதான். முதல் தந்தி என்றால் தாடைக்கு மிகத் தொலைவில் இருப்பது, எண்ணிக்கை அங்கிருந்து மேலே வரும்.

அந்தக் குட்டைத் தந்திக்குப் பெரிய கதை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்துகொண்ட வாத்தியத்தின் வழிதான் பாஞ்சோ. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் அக்கோண்டிங் என்று ஒன்று இன்றும் உண்டு. சுரைக்குடுவை, தோல், மூன்று தந்தி. அதில் ஒன்று கட்டைவிரலுக்கென்று குட்டையானது. நகத்தால் கீழ்நோக்கி அடித்து வாசிக்கிறார்கள். செனகலும் புதுச்சேரி மாதிரியே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த இடம்தான், ஆனால் பாஞ்சோ நம் பக்கம் அந்த வழியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். 1840களில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் அதை மேடைக்குக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கினார். அப்புறம் இங்கிலாந்து, அங்கிருந்து அவர்கள் ஆண்ட ஊர்களெல்லாம்.

வாங்கும் முன்

கழுத்தைக் கண்ணோடு சேர்த்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். பழையதில் கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது, திருகி நிமிர்த்த வழியில்லை. பின்பக்கம் திறந்திருந்தால் வளையத்தின் குறுக்கே ஒரு மரக்கம்பு ஓடும். அது கழுத்தோடு இறுக்கமாக இருக்க வேண்டும். செய்தவர் முத்திரை இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பில்தான் இருக்கும். வளையத்தைச் சுற்றியுள்ள கொக்கிகளில் ஒன்றிரண்டு போயிருந்தால் பரவாயில்லை, லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். நம் கடற்கரைக் காற்றில் நிக்கல் பூச்சு உரிந்து திருகெல்லாம் பச்சை பூத்துப்போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். குறடு போட்டு முறுக்காதீர்கள்.

தோல் மஞ்சளித்துக் கறை படிந்திருப்பது குறையே இல்லை. கிழிசல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். மிருதங்கம், கஞ்சிராவுக்குத் தோல் போடுகிறவரிடம் போகலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: மிருதங்க வலந்தலை மாதிரி அடுக்கு வேண்டாம், கருப்பு வேண்டாம், மெல்லிய ஒற்றைத் தோல். ஊறவைத்து வளையத்தில் போர்த்தி, நிழலில் தானாகக் காய்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஈரத்திலேயே இறுக்கிவிட்டால் காயும்போது கிழிந்துவிடும்.

தந்தி: தங்கூசி போதும்

அந்தக் காலத்தில் இதற்கு மாட்டியது ஆட்டுக்குடல் நரம்பு. இன்றைக்கு அதற்கு ஈடு நைலான். பாஞ்சோவுக்கென்றே நைலான் தந்தி விற்கிறார்கள், வரவழைக்கச் செலவாகும். கடலூர் முதுநகரில் வலைச் சாமான் விற்கிற கடைக்குப் போய் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலான் நரம்பு) வாங்குவதே என் வழக்கம். மில்லிமீட்டர் கணக்கில்தான் தருவார்கள். முதல் தந்திக்கும் ஐந்தாவதற்கும் 0.6, இரண்டாவதற்கு 0.7, மூன்றாவதற்கு 0.8 அல்லது 0.9. நான்காவதற்கு மட்டும் தங்கூசி சரிவராது. தடிமனாகப் போட்டால் தொம் தொம்மென்று மங்கிவிடும். கிளாசிக் கிதாரின் நான்காம் தந்தி, வெள்ளிப் பூச்சுக் கம்பி சுற்றியது, ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

நிறமில்லாத தங்கூசி எடுங்கள். வழவழப்பால் முடிச்சு நழுவும். நுனியைத் தீக்குச்சியில் காட்டிச் சின்ன உருண்டையாக்கிவிட்டால் முடிச்சு நிற்கும். மாட்டிய புதிதில் இழுபட்டுக்கொண்டே இருக்கும், காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் இருக்காது. அதற்காக நரம்பு கெட்டது என்று தூக்கிப்போடாதீர்கள், சில நாளில் அடங்கும். மரப் பிரடை வழுக்கினால் சாக்பீஸ் தேயுங்கள். இறுகிப்போனால் கொஞ்சம் சோப்பு.

குதிரையை (தந்திகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டு) ஒட்டக் கூடாது, அது தோல்மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரை வரையும் அவ்வளவு. நூல் வைத்து அளந்துவிட்டு, பிறகு காதால் சரி பாருங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் ஒலியும், அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுருதி கூடினால் குதிரையை வால்பக்கம் ஒரு துளி தள்ளுங்கள்.

தோலும் காற்றும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பாஞ்சோ வைத்திருப்பவருக்குப் பாதி வேலை இதுதான். ஐப்பசி கார்த்திகையில் தோல் ஈரம் குடித்துத் தொங்கும். குதிரை அமிழ்ந்து, தந்தி ஃபிரெட்டில் உரசும். சித்திரை வைகாசியில் காலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது தோல் விண்ணென்று நிற்கும், கடல்காற்று திரும்பியதும் இறங்கும். ஏசி அறைக்குள் போனால் கொஞ்ச நேரத்தில் தோல் இறுகி, குதிரை எழும்பி, எல்லாத் தந்தியும் சேர்ந்து சுருதி ஏறும்.

பறை வாசிப்பவர்கள் வைக்கோல் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். கஞ்சிராக்காரர் அதற்கு நேர்மாறாகத் தண்ணீர் தடவி இறக்குவார். பாஞ்சோவுக்கு இரண்டும் ஆகாது. கொக்கித் திருகுகள்தான் வழி. ஒரு திருகைக் கால் சுற்று சுற்றினால் அதற்கு நேரெதிரே உள்ளதைக் கால் சுற்று. பக்கத்துப் பக்கத்தில் போகாதீர்கள், வளையம் கோணிவிடும். குதிரைக்கு அருகில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக விட்டுக்கொடுத்து உடனே எழும்ப வேண்டும். மழை நாளில் இறுக்கினால், மழை விட்டதும் அதே அளவு தளர்த்த மறக்கக் கூடாது. தோல் வெடிப்பது பெரும்பாலும் மழைக்கு இறுக்கியதை வெயிலில் அப்படியே விட்டதால்தான். மழைக்காலத்தில் நான் முழுசாக இறுக்குவதே இல்லை. இன்னும் கொஞ்சம் உயரமான குதிரையை மாற்றி வைத்துச் சமாளிப்பேன். சத்தம் கொஞ்சம் மங்கும், தாலாட்டுக்கு அந்த மங்கல் நன்றாகவே இருக்கும்.

சுருதி

இதில்தான் நான் பிடிவாதக்காரன். முதலில் பாடுகிறவரைப் பாடச் சொல்லுங்கள். வாத்தியம் உறையிலேயே இருக்கட்டும். அவர் எங்கே வந்து நிற்கிறார் என்று ஆர்மோனியத்திலோ சுருதிப் பெட்டியிலோ பிடியுங்கள். அதுதான் ஷட்ஜம், அதாவது ச. அதை மூன்றாம் தந்திக்குக் கொடுங்கள்.

பாஞ்சோவில் பரவலாக வைக்கும் சுருதியில் மூன்றாம் தந்தி ஐந்து கட்டை, டியூனரில் ஜி என்று காட்டும். பெண்கள் பலருக்கு அது சரியாக இருக்கும். என் பெரியம்மாவுக்கு இப்போது நான்கு கட்டைதான். ஐந்தில் ஆரம்பித்தால் இரண்டாவது அடியிலேயே, "இன்னும் கொஞ்சம் எறக்கு ராசா, எட்டல" என்பார். எல்லாத் தந்தியையும் ஒரு முழு சுரம் (இரண்டு ஃபிரெட் அளவு) இறக்கினால் ஆயிற்று. தங்கூசி அதற்கு இடம் கொடுக்கும்.

மூன்றாம் தந்தி சேர்ந்த பிறகு மற்றவை: நான்காம் தந்தியை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் மூன்றாவதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதை நான்காம் ஃபிரெட்டில் அழுத்தினால் இரண்டாவது. இரண்டாவதை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தினால் முதலாவது. முதலாவதை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் குட்டைத் தந்தி. இப்போது உங்களிடம் இருப்பது, நான்காவதிலிருந்து எண்ணினால், கீழ் ப, ச, க, ப. குட்டைத் தந்தி மேல் ச. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் அது ஷட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். டியூனர் காட்டும் இடத்தில் இரண்டாம் தந்தியை வைத்தால் காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு மயிரிழை இறக்குங்கள், இனிமையாகப் போய் உட்காரும்.

ஆண் பாடினால், அவருக்கு ஒரு கட்டை என்றால் வேறு வழி. ஐந்து கட்டைச் சுருதியிலிருந்து நான்காம் தந்தியை ஒரு முழு சுரம் இறக்கி அதையே ஷட்ஜம் ஆக்குங்கள். இரண்டாவதை அரை சுரம் ஏற்றுங்கள். இப்போது ச, ப, மேல் ச, மேல் ரி. குட்டைத் தந்தி பஞ்சமம் ஆகிவிடும். தெம்மாங்குக்கு இது எடுப்பாக இருக்கும்.

வலது கை

உலோக நகம் மாட்டி மூன்று விரலில் சடசடவென்று வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது 1940களில் அமெரிக்காவில் பெயர்பெற்றது, நம் பாட்டுக்கு மூச்சு விட இடம் தராது. நமக்கு வேண்டியது நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் பழைய முறை.

கையை லேசாக மூடிக்கொள்ளுங்கள். சுட்டுவிரல் அல்லது நடுவிரலின் நகம் தந்தியில் மேலிருந்து கீழே படட்டும். விரலை மடக்கி விரிக்காதீர்கள், மணிக்கட்டு அசையட்டும். ஒவ்வொரு அடியிலும் கட்டைவிரல் குட்டைத் தந்திமேல் வந்து உட்கார வேண்டும். கை மேலே எழும்பும்போது அது அந்தத் தந்தியைச் சுண்டிவிட்டு வரும். அரம் பிடித்துப் பிடித்து என் சுட்டுவிரல் நகம் நிற்பதில்லை, அதனால் நான் நடுவிரல்காரன்.

அமெரிக்க நாட்டுப்புறக்காரர்கள் வாசிக்கும் அடிப்படை நடை நான்கு எண்ணிக்கை. ஒன்றில் மெட்டுத் தந்தி (மெட்டு ஓடும் தந்தி), இரண்டில் சும்மா, மூன்றில் எல்லாத் தந்தியையும் நகத்தால் வருடல், நான்கில் கட்டைவிரல். நடவுப் பாட்டில் பலவும் இதில் அப்படியே உட்காரும். கும்மிக்கு உட்காராது. கும்மி பெரும்பாலும் தகிட தகிட என்று மூன்றில் போவது. அதனால் நடுவிலுள்ள சும்மாவை எடுத்துவிடுங்கள்: த என்றால் நகம், கி என்றால் வருடல், ட என்றால் கட்டைவிரல். மூன்றும் ஒரே அளவு. கைதட்டு விழும் இடத்தில் நகம் விழ வேண்டும். முதலில் மெட்டே வேண்டாம். மூன்றாம் தந்தியை மட்டும் அடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரையாவது கும்மி தட்டச் சொல்லுங்கள். அவர்கள் கால் நிற்காமல் சுற்றினால் உங்கள் கை சரி.

தாலாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

நம் தாலாட்டு மெட்டுகள் பலவும் நவரோஜ், குறிஞ்சி, நீலாம்பரி சாயலில் இருக்கும். ஆரம்பிப்பவருக்கு நவரோஜைப் போல வசதி எதுவும் இல்லை. அந்த ராகத்தின் எல்லையே கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரைதான். நம் பாஞ்சோவில் நான்காம் தந்தி கீழ்ப் பஞ்சமம், முதல் தந்தி நடுப் பஞ்சமம். முழு ராகமும் நான்கு தந்திக்குள், முதல் நான்கு ஃபிரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது!

விரல் வைக்கும் இடங்கள்: நான்காம் தந்தி வெறுமனே ப, இரண்டாம் ஃபிரெட் த, நான்காம் ஃபிரெட் நி. மூன்றாம் தந்தி வெறுமனே ச, இரண்டாம் ஃபிரெட் ரி. இரண்டாம் தந்தி வெறுமனே க, முதல் ஃபிரெட் ம. முதல் தந்தி வெறுமனே ப. அழுத்த வேண்டியது நாலே இடம்.

இதைப் பழகுங்கள்: ச ரி க, ம க ரி ச, அப்புறம் ச நி த ப, ப த நி ச. ஆராரோ ஆரிராரோ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ரோ என்று நீட்டும் இடத்தில் மெட்டுத் தந்தியை மறுபடி அடிக்காமல் குட்டைத் தந்தியை மட்டும் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டிருங்கள். கமகம் வேண்டும் என்று தந்தியைப் பக்கவாட்டில் வளைக்காதீர்கள். நைலானில் அது பெரிதாக வராது. வெறும் தந்தியை அடித்துவிட்டு, அது ஒலிக்கும்போதே இடது விரலை ஃபிரெட்டில் தட்டினால் அடுத்த சுரம் எழும்பும். அதே விரலைச் சுண்டி எடுத்தால் மறுபடி இறங்கும். ச-ரி-ச, க-ம-க இரண்டையும் இப்படி வாசித்தாலே தொட்டில் ஆடும்.

கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) போடாதீர்கள். கிதார் தெரிந்தவர்கள் வந்தால் உடனே இடது கை மூன்று விரலும் கார்டுக்குப் போகும். தாலாட்டு ஒற்றை மெட்டு, அதற்குக் கீழே ஷட்ஜமும் பஞ்சமமும் ஓடினால் போதும். கார்டு மாற்றினால் பாடுகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு அடியை நீட்டவோ, நடுவில் பிள்ளையின் மாமன் பேரைச் சேர்க்கவோ முடியாமல் போகும். பெரியம்மா ஒரே தாலாட்டை ஒரு நாள் பாடியதுபோல் மறுநாள் பாட மாட்டார்.

மகுடி மெட்டு

மகுடி என்றதும் எல்லோருக்கும் காதில் வருவது புன்னாகவராளி. பிடாரன் பாட்டு, குறி சொல்லும் பாட்டு என்று நம் பக்கம் அந்தச் சாயல் நிறைய. அதற்குச் சின்ன காந்தாரம் வேண்டும், இரண்டாம் தந்தியின் பெரிய காந்தாரம் இடிக்கும். இரண்டாம் தந்தியை மட்டும் அரை சுரம் ஏற்றி மத்திமம் ஆக்கிவிடுங்கள். மூன்றாம் தந்தியில் முதல் ஃபிரெட் ரி, மூன்றாம் ஃபிரெட் க. இரண்டாம் தந்தி வெறுமனே ம. கீழே நான்காம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட் நி. நிஷாதத்தில் ஆரம்பித்து ஷட்ஜத்துக்கு வந்து, ரிஷபத்தை அடிக்காமல் ஷட்ஜத்திலிருந்து விரலால் தட்டி எழுப்புங்கள். வேறு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

ஒப்பாரியும் பாஞ்சோவில் நன்றாகவே வரும். நான் வாசிப்பதில்லை. சாவு வீட்டில் பறைக்கு இடம் உண்டு, அழுகிறவருக்குப் பக்கவாத்தியம் எதற்கு?

கூட்டமாகப் பாடும்போது

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி மீனவ ஊர்களில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் முன்னடி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று பின்னடி கொடுத்து இழுப்பார்கள். நடவுப் பாட்டும் இதே அமைப்புதான். இப்படிப்பட்ட பாட்டில் முன்னடியின்போது மெட்டு வாசிக்காதீர்கள், கட்டைவிரலில் குட்டைத் தந்தி மட்டும் போகட்டும். முன்னடிக்காரர் எங்கே மூச்சு எடுப்பார், எந்த எழுத்தை இழுப்பார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. பின்னடியில் எல்லாத் தந்தியும் விழ, நன்றாக வருடி அடியுங்கள். இழுப்பு விழும் எழுத்தில் நகம் விழ வேண்டும்.

ஆர்மோனியமும் சேர்ந்தால் சுருதி அதன் கட்டைக்குத்தான் போக வேண்டும், பாஞ்சோவைத்தான் சேர்க்க முடியும். ஆர்மோனியக்காரரை மெட்டு வாசிக்க விட்டுவிட்டு நீங்கள் தாளத்தோடு இருங்கள். பெட்டிச் சத்தத்தில் பழைய தோல் பாஞ்சோவின் மெட்டு மூன்றாவது வரிசைக்குக் கேட்காது, ஆனால் நகம் தோலோடு உரசி விழும் டக் என்ற சத்தம் கடைசி ஆள்வரை போகும். வாசித்து முடித்ததும் குதிரையைச் சாய்க்காமல், தந்திகளை அரைச் சுற்று தளர்த்தி, வியர்வை பட்ட இடத்தைக் காய்ந்த துணியால் துடைத்துப் பருத்தி உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் பூத்துவிடும்.